சாரிப் பதிவேடு

குடிநீர் வாரியத்து ஆள் சாவிக்காரர் வீட்டு வாசல் கதவில் அந்தச் சிவப்பு நோட்டீசை முதலில் கோணலாகத்தான் ஒட்டினான். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தான், மனசுக்கு ஒப்பவில்லை. பசை காய்வதற்குள் உரித்தெடுத்து, நூல் பிடித்த மாதிரி நேராக ஒட்டிவிட்டுப் போனான். அந்த விவகாரத்தில் வாரியம் தன் தவறைத் தானே உணர்ந்து திருத்திக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

நோட்டீசில் ஒரே வரி: "எச்சரிக்கை. இவ்வீட்டார் குடிநீர்த் திருட்டில் ஈடுபட்டுள்ளனர்." கீழே வட்ட முத்திரை. அதற்கும் கீழே, கிழிப்பவர் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

வேறு யார் வீட்டுக் கதவாக இருந்தாலும் தெரு நாலு நாள் வாயில் போட்டு மென்றுவிட்டு விட்டிருக்கும். இவர் தொழிலோ பூட்டுத் திறப்பது. அடுத்தவர் வீட்டுக் கதவை அவர்கள் கண்ணெதிரிலேயே இரண்டு நிமிடத்தில் திறந்து கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் கூப்பிடாமல் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அவர் பிழைப்பு ஓடியது. இருபது வருஷமாகக் காத்த நம்பிக்கை அது. அப்படிப்பட்டவர் வாசலில் 'திருட்டு' என்ற சொல்லை முத்திரையோடு ஒட்டிவைத்தால், அப்புறம் எவர் தம் வீட்டுப் பூட்டை அவரிடம் காட்டுவார்?

தெருக்கோடி டீச்சர்தான் முதலில் கதவைச் சாத்தியவர். தனியாக இருக்கிறவர். மழை பெய்தால் அவர் வீட்டுப் பின்கதவு ஊறிப்போய், பூட்டு இறுகிக்கொள்ளும். மாதம் ஒருமுறையாவது சாவிக்காரர் போய் வருவார். நோட்டீஸ் ஒட்டிய மறுநாளும் மழை. வழக்கம்போல் எண்ணெய்க் குப்பியும் கையுமாகப் போய் நின்றவரிடம், டீச்சர் முன்கதவைச் சங்கிலியோடு நாலு விரல் அளவுக்குத் திறந்து, "கதவு தானாச் சரியாயிடுச்சுங்க" என்றார். பூட்டு என்றைக்காவது தானாகச் சரியானதுண்டா? சாவிக்காரர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். அந்த வாரத்தில் அவர் போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

நடந்தது இதுதான். ஒரே வளாகத்தில் இரண்டு வீடு. முன்னால் இருப்பது சாவிக்காரர் வீடு. பின்னால் இருப்பவர், வாரியத்தின் குழாயிலேயே நேராக ஒரு மோட்டாரைப் பூட்டி, தெருவுக்கு வரவேண்டிய தண்ணீரையெல்லாம் தம் வீட்டுத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டுபிடிக்க வாரியம் ஒரு ஆய்வாளரை அனுப்பியது. அவர் வந்தபோது முன்தெருவில் கால் வைக்க இடமில்லை. ஐந்து மாதம் முன்பு வாரியமே தோண்டிப் போட்ட பள்ளம் அது. சுற்றிக்கொண்டு பின்சந்து வழியாக வந்தார். சந்தில் நின்றபடி, தம் முன்னால் தெரிந்த வீட்டில் மோட்டார் இரைவதைக் கேட்டு, "முன்வீட்டில் திருட்டு" என்று எழுதிக்கொண்டு போனார். நோட்டீஸ் ஒட்ட வந்தவன் இளவட்டம். பள்ளத்தை ஒரே தாவாகத் தாண்டி முன்பக்கமாக வந்து, முன்வீட்டில் ஒட்டினான். இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

கிழித்துப் போட்டுவிடலாமா என்று சாவிக்காரர் கேட்டார். அவர் மனைவி ஒப்பவில்லை.

"கிழிச்சா, யாரையோ பிடிச்சு சரிக்கட்டிட்டார்னு சொல்வாங்க. ஒட்டினவங்களே எழுதித் தரணும். தப்பா ஒட்டிட்டோம், சாரி. அவ்வளவுதான். அந்தக் காகிதத்தை அதே இடத்துல ஒட்டணும். அப்பதான் நான் தலை நிமிர்ந்து கடைக்குப் போவேன்."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஒரு சாரிக் காகிதம் இருந்தால் மூடும் என்பது அந்த அம்மாவின் கணக்கு. சாரிதானே, மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாங்கி வந்துவிடலாம் என்று சாவிக்காரர் சட்டையை மாட்டினார்.

வீட்டெதிரே பள்ளத்தின் ஓரத்தில் வாரியத்தின் தகரப் பலகை நின்றது. "குழாய்ப் பணி நடைபெறுகிறது. தடங்கலுக்கு" என்று அதில் இருந்தது. அதற்கப்புறம் ஏதோ ஒரு சொல் இருந்த இடத்தில் பட்டையாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஐந்து மாதமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் போய்வருகிறார்; எதற்காக அடித்தார்கள் என்று அவர் யோசித்ததேயில்லை.

வாரிய அலுவலகத்து நடையில், டீத் தட்டோடு வந்த பியூன் அவர் மேல் முழங்கையை இடித்து, அரை டம்ளர் டீயை அவர் சட்டையில் கொட்டினான். நின்று, சட்டையை உற்றுப் பார்த்து, "உங்க சட்டை நனைஞ்சிருக்கிறது கவனத்துக்கு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். சாவிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டையை உதறிக்கொண்டு விசாரணை ஜன்னலுக்குப் போய், உள்ளே இருந்த கிளார்க்கிடம் விஷயத்தைச் சொல்லி, "ஒரு சாரி வேணுங்க" என்றார்.

கிளார்க் எழுந்து இரண்டு பக்கமும் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க. யாராவது எழுதிக்கப் போறாங்க."

பிறகு ஜன்னலில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு அவர் விளக்கியது இது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், குழாய் வெடித்துத் தண்ணீர் புகுந்த வீட்டில், ஒரு என்ஜினீயர் வாய் தவறி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் அதையே சாட்சியாக வைத்து வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டார். அன்றே சுற்றறிக்கை வந்தது. வாரியத்து ஊழியர் எவரும் அந்தச் சொல்லைப் பேசவோ எழுதவோ கூடாது. பலகைகளில் உள்ள 'வருந்துகிறோம்' எல்லாம் அழிக்கப்பட வேண்டும். தவிர்க்கவே முடியாமல் ஒரு சாரி தர நேர்ந்தால், குழு கூடி அனுமதி தந்து, சாரிப் பதிவேட்டில் ஏற்றி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, வரிசை எண் போட்டுத்தான் தரவேண்டும். வளாகத்துக்குள் யார் வாயிலிருந்து வந்தாலும் இதே விதிதான். வெளியாள், உள்ளாள் என்ற பேதம் கிடையாது.

"உங்க நல்ல நேரம், பதிவேடு மேல பீரோவுக்குள்ள இருக்கு. கையில இருந்திருந்தா இப்பவே உங்க பேர்ல ஏத்தியிருப்பேன்" என்றார் கிளார்க், பெரிய உபகாரம் செய்தவர் முகத்தோடு.

சாவிக்காரர் மனு எழுதினார். மனுவில் அந்தச் சொல் இருந்ததால் திருப்பிக் கொடுத்தார்கள். 'மேற்படி சொல்' என்று மாற்றி எழுதினார். எந்தச் சொல் என்று தெளிவாக இல்லை என்று மறுபடி திருப்பிக் கொடுத்தார்கள். ஆறு நடை நடந்த பிறகு, 'சா' என்று தொடங்கி 'ரி' என்று முடியும் மேற்படி சொல் என்று எழுதினால் போதும் என்று கண்காணிப்பாளர் இரக்கப்பட்டு வழி சொன்னார். கண்காணிப்பாளர் நல்ல மனிதர். வாரியத்தில் எல்லாருமே நல்ல மனிதர்கள்தான். அதுதான் அங்கே பெரிய தொல்லை.

மனு சொற்பொருள் ஆய்வுக் குழுவுக்குப் போனது. அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கவென்று அமைத்த குழு. முப்பத்தொரு முறை கூடியிருக்கிறது. பொதுஜனம் அதை எப்படிப் புழங்குகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு பொதுஜனம் தேவைப்பட்டது. மனுதாரரையே கூப்பிட்டார்கள்.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் தலைவரும் சட்ட ஆலோசகரும் கண்காணிப்பாளரும் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் கிளார்க் பேனாவோடு இருந்தார். மேற்படி சொல்லை எப்போதெல்லாம் பயன்படுத்துவீர்கள் என்று சட்ட ஆலோசகர் கேட்டார்.

சாவிக்காரர் மனதில் பட்டதைச் சொன்னார். பஸ்ஸில் அடுத்தவர் காலை மிதித்தால். அடுத்தவர் தம் காலை மிதித்தாலும், சில நேரம். போனில் தவறான நம்பருக்குப் பேசிவிட்டால். தும்மினால். யாராவது பேசியது காதில் விழாவிட்டால், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பதற்குப் பதிலாக. வழியில் நிற்பவரை நகரச் சொல்ல. துக்க வீட்டில் வேறு வார்த்தை வராதபோது. மனைவி ஏதோ கேட்டு, என்ன கேட்டாள் என்று தெரியாமல் போனால், பொத்தாம்பொதுவாக ஒன்று.

கேட்கக் கேட்கத் தலைவர் முகம் சுண்டிப்போயிற்று. "ஒரு நாளைக்கு எத்தனை?"

"எண்ணினதில்லைங்க. பதினஞ்சு இருபது இருக்கும்."

"கணக்கு வழக்கே இல்லாம இறைக்கிறாங்க" என்றார் தலைவர், சட்ட ஆலோசகரிடம், தண்ணீர் வீணாவதைச் சொல்கிற மாதிரி. தண்ணீருக்காக அவர் அப்படி வருத்தப்பட்டதை யாரும் பார்த்ததில்லை.

சட்ட ஆலோசகர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மேற்படி சொல்லைச் சொன்னால் வருத்தம் என்று அர்த்தமாகும். வருத்தம் என்றால் நடந்தது நமக்குத் தெரியும் என்று அர்த்தமாகும். தெரியும் என்றால், தெரிந்தும் ஏன் செய்தீர்கள் என்று கேட்பார்கள். ஆகையால் முப்பத்தொரு கூட்டத்தில் குழு ஒரே ஒரு முடிவு எடுத்திருக்கிறது: எவர் சொல்கிறாரோ அவரே குற்றவாளி. அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நாங்க தப்பே செய்யாதவங்கன்னு நான் சொல்ல வரல. ஏகப்பட்டது செஞ்சிருக்கோம். தெருவைத் தோண்டிட்டு மறந்திருக்கோம். சாக்கடைக் குழாயில கொண்டுபோய் குடிதண்ணிக் குழாயைச் சேர்த்திருக்கோம். ஆனா இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொன்னதில்ல. எவ்வளவு பெரிய சாதனை இது. உங்க ஒருத்தர் கதவுக்காக அதை உடைக்கச் சொல்றீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா?"

அவர் கேட்ட விதத்தில் சாவிக்காரருக்கே ஒரு குற்ற உணர்ச்சி வந்துவிட்டது. சொல் நுனிநாக்கு வரை வந்தது. மூலையில் கிளார்க் கண்ணை உருட்டிய பிறகுதான் அதை விழுங்கினார்.

ஆனால் கல்லும் கரையும் என்பார்கள். நாற்பத்தேழு நாள் கழித்து, கொள்கை அளவில் ஒரு சாரி தரலாம் என்று குழு முடிவு செய்தது. வரைவுக் கடிதம் வீட்டுக்கு வந்தது. "தங்கள் கதவில் காணப்படுவதாகத் தாங்கள் தெரிவிக்கும் அறிவிப்பானது தங்களுக்கு ஏதேனும் மன உணர்வை ஏற்படுத்தியதாகத் தாங்கள் கருதும் பட்சத்தில், அவ்வாறு கருதுவதை வாரியம் தடுக்கவில்லை. ஆகவே," என்று இருந்தது. ஆகவேக்குப் பிறகு அரை விரல் நீளத்துக்கு வெற்றிடம்.

சாவிக்காரரின் மனைவி மூன்று தடவை படித்தார். "இது நம்மளைத் திட்டுதா, பாராட்டுதா?"

"அதை விடு. அந்தக் காலி இடத்துலதான் வரப்போகுது. பதிவேட்டுல ஏத்தி நம்பர் போட்டதும் டைப் அடிச்சுத் தருவாங்களாம்."

பல நாளுக்குப் பிறகு அந்த அம்மா சிரித்தார். கதவில் ஒட்ட அன்றைக்கே பசை காய்ச்சி வைத்தார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அங்கே இன்னொன்று கிளம்பியது. பதிவேடு இருந்த இரும்பு பீரோவுக்குச் சாவி இல்லை. பதினோரு வருஷம் முன்பு ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர் கையோடு கொண்டுபோய்விட்டார். தேவைப்படாததால் யாரும் தேடவில்லை. வாரியம் அங்கீகரித்த பூட்டுத் திறப்பவர்கள் பட்டியலைப் பார்த்தார்கள். அதில் இருந்தது ஒரே ஒரு ஆள், நம் சாவிக்காரர்தான். தண்ணீர்த் திருட்டு நோட்டீஸ் வாங்கியவர் என்பதால் அந்தப் பெயர்மீதும் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. கண்காணிப்பாளர் யோசித்து, 'பீரோவைப் பார்வையிட வந்த பொதுமக்களில் ஒருவர்' என்று சீட்டு எழுதி அவரை உள்ளே விட்டார்.

மூன்றாவது மாடி. மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தார். பழைய பூட்டு, உள்ளே துரு பிடித்துக் கெட்டியாகியிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்தார். வெற்றுச் சாவி ஒன்றை நுழைத்துத் திருகி, வெளியே எடுத்து, அதில் விழுந்த கீறலைப் பார்த்து அரத்தால் ராவினார். மறுபடி நுழைத்து மறுபடி ராவினார். பின்னால் கண்காணிப்பாளர், சட்ட ஆலோசகர், கிளார்க் மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார அங்கே நாற்காலி இல்லை. இருபது வருஷத்தில் எந்தப் பூட்டையும் அவர் இவ்வளவு ஆசையோடு திறந்ததில்லை. உள்ளே இருப்பது அவர் மானம். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பூட்டு 'களுக்' என்றது. கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். மூன்று பெரிய மனிதர்கள் மூன்று மணி நேரமாகக் கால் கடுக்க நிற்பதைப் பார்த்தார்.

"சாரி சார், ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டேன்" என்றார்.

சட்ட ஆலோசகர் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டார். கண்காணிப்பாளர் பீரோவுக்குள் கையை விட்டுத் தடிமனான பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார். கிளார்க் பேனாவின் மூடியைக் கழற்றினார். பதிவேட்டில் எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தது. முதல் பக்கத்தில், முதல் வரியில், வரிசை எண் ஒன்று என்று போட்டு, சாவிக்காரர் பெயரை எழுதினார்கள். இரண்டு சாட்சிகள் பக்கத்திலேயே இருந்ததால் காரியம் சீக்கிரம் முடிந்தது.

சாவிக்காரர் பதறிப்போனார். நிற்க வைத்ததற்காகச் சொன்னது, தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மன்றாடினார்.

"எதுக்காகச் சொன்னதுன்னு எழுத இதுல கட்டமே இல்லைங்க" என்றார் கண்காணிப்பாளர், உண்மையான அனுதாபத்தோடு. "எண், தேதி, சொன்னவர், சாட்சி. நாலே கட்டம்தான்."

"அப்ப எனக்குத் தர்றதா சொன்னது?"

"ஒரு கோப்புக்கு ஒண்ணுதான்" என்றார் சட்ட ஆலோசகர். "உங்க கோப்புல ஒண்ணு வந்துடுச்சே."

தவளை தன் வாயால் கெட்டது. அவர் பையிலிருந்த வரைவுக் கடிதத்தை வாங்கி இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்கள். கோப்பை முடித்துக் கட்டிக் கயிறு போட்டார்கள். தலைவர் கீழ்மாடியிலிருந்து ஆள் அனுப்பித் தம் பாராட்டைத் தெரிவித்தார். இருபத்திரண்டு வருஷச் சாதனை அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் அதே ஆள் பள்ளத்தைத் தாண்டி வந்து சிவப்பு நோட்டீசுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நோட்டீஸ் ஒட்டினான். இந்தத் தடவை முதலிலேயே நேராக வந்துவிட்டது. "மேற்கண்ட வீட்டார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டனர். வாரியம் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டது."

"ஏன் அங்க போய் அந்த வார்த்தையைச் சொன்னீங்க?" என்று மனைவி கேட்டார்.

"பழக்கதோஷம். வாயில வந்துடுச்சு."

அந்த அம்மா காய்ச்சி வைத்திருந்த பசையை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டினார். அங்கேயே நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். சாவிக்காரர் உள்ளே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தம்மைப்போல் ஒரு முட்டாள் உலகத்தில் உண்டா என்று அவருக்குத் தோன்றியது.

வேடிக்கை என்னவென்றால், அன்று மத்தியானத்திலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. திருடாத ஆளை நம்பாத தெரு, திருந்திய ஆளை நம்பியது. ஒத்துக்கொண்டாரே, அந்த மட்டும் யோக்கியர்தான் என்று பேசிக்கொண்டார்கள். பின்வீட்டுக்காரர் நேரிலேயே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "தப்பு செய்யாதவன் யாருங்க? ஆனா ஒத்துக்கிறதுக்கு ஒரு மனசு வேணும். எனக்கெல்லாம் வராது" என்றார். அவர் வீட்டு மோட்டார் இரைந்துகொண்டிருந்ததால், கடைசி வாக்கியத்தைச் சற்று உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த மழைக்குத் தெருக்கோடி டீச்சர் கூப்பிட்டார். சங்கிலி போடாமல் கதவைத் திறந்துவிட்டார். சாவிக்காரர் பின்கட்டுக்குப் போய், எண்ணெய் விட்டு, நெம்பி, ஊறிய கதவைத் தள்ளித் திறந்தார். டீச்சர் பக்கத்திலேயே நின்றார். ஏதோ சொல்ல வந்து இரண்டு தடவை நிறுத்தினார்.

"அந்தப் பச்சைக் காகிதத்தைப் பார்த்தேன். நான் நம்பல. நீங்க தண்ணி எடுத்திருக்க மாட்டீங்க. அன்னைக்குச் சங்கிலியைப் போட்டுக்கிட்டே பேசி அனுப்பினது என் தப்பு. சாரிங்க."

மனுப் போடாமல், குழு கூடாமல், எண் போடாமல் வந்த சாரி. மூன்று மாதமாக மாடி மாடியாக ஏறித் தேடியது, ஈரக் கதவுப் பக்கத்தில் சும்மா கிடைத்தது. ஆனாலும் பட்ட பாடு சாவிக்காரரை விடவில்லை. அரத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாச் சொல்லுங்க டீச்சர்" என்றார். "யாராவது எழுதிக்கப் போறாங்க."